இஸ்கந்தரிய்யாவின் மனாராவும் அதனைச் சூழ்ந்த கதைகளும்

பள்ளிவாசலின் உயர்ந்த தூணை நாம் மனாரா என்கிறோம். நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இச்சொல்லை அறியாத குழந்தையும் இராது. ஆனால், அதன் பொருளை எண்ணிப் பார்த்தவர் நம்முள் சிலரே. அரபு மொழியில் 'நூர்' என்பது ஒளி. 'நார்' என்பது நெருப்பு. அந்த வேரினின்று கிளைத்த மனாரா என்னும் சொல்லுக்கு ஒளி இருக்கும் இடம் என்பது பொருள். பாங்கு சொல்லும் கோபுரத்துக்கு மட்டுமன்றி, கடலோடிகளுக்கு வழிகாட்டும் கரை விளக்குக்கும் அரபு நூலோர் இப்பெயரையே வழங்கினர். சிலப்பதிகாரம் 'கலங்கரை விளக்கம்' எனச் சுட்டும் பொருளையே அவர்கள் மனாரா என்றனர்.

அரபு நூல்களில் இப்பெயர் பெற்ற விளக்குகளுள் புகழால் தலைசிறந்தது ஒன்றே. எகிப்தின் வடகரையில், நாம் இஸ்கந்தரிய்யா என்றும் பிறர் அலெக்சாண்டிரியா என்றும் அழைக்கும் துறைமுக நகரில், ஃபாரோஸ் என்னும் சிறு தீவின்மீது நின்ற கலங்கரை விளக்கமே அது. பண்டை உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. ஏறத்தாழ ஆயிரத்தறுநூறு ஆண்டுகள் நின்றது. அவற்றுள் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் முஸ்லிம்களின் பராமரிப்பில் இருந்தது. அது விழுந்துவிட்டது. அதைப் பற்றிய கதைகளோ விழவில்லை. அக்கதைகளை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் பொருள்.

கட்டியவர் யார்?

இஸ்கந்தர் என்னும் அலெக்சாண்டரே இதனைக் கட்டினார் என்பது பழைய அரபு நூல்களில் பரவலாகக் காணப்படும் செய்தி. அவரையே திருமறையின் கஹ்ஃப் அத்தியாயம் கூறும் துல்கர்னைன் எனக் கொண்டு, இம்மனாராவையும் அவர் பெயரோடு இணைத்தோர் உண்டு. துல்கர்னைன் யார் என்பதில் விரிவுரையாளரிடையே கருத்து வேற்றுமை இருப்பதை நாம் அறிவோம். அது எவ்வாறாயினும், திருமறையில் இவ்விளக்கைப் பற்றிய பேச்சே இல்லை. அலெக்சாண்டர் நகருக்குக் கால்கோள் செய்தது கி.மு. 331இல்; மறைந்தது கி.மு. 323இல். கலங்கரை விளக்கமோ அவருடைய தளபதி தாலமியின் ஆட்சியில் தொடங்கி, அவர் மகன் இரண்டாம் தாலமியின் காலத்தில், கி.மு. 280ஐ ஒட்டி நிறைவுற்றது.

அதனோடு தொடர்புடைய பெயர் நைடஸ் என்னும் ஊரினரான சோஸ்திராத்தஸ் என்பது. இவர் பெயரிலும் ஒரு கதை உண்டு. தம் பெயரைக் கல்லில் ஆழப் பொறித்து, அதன்மேல் சுண்ணச் சாந்து பூசி, சாந்தின்மீது மன்னன் பெயரை எழுதினாராம். ஆண்டுகள் கழிந்தன, சாந்து உதிர்ந்தது, மன்னன் பெயர் மறைய, சோஸ்திராத்தஸின் பெயர் வெளிப்பட்டதாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான லூசியன் இதனைச் சொல்கிறார். ஆனால் அவருக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட உரோம அறிஞர் பிளினி வேறு விதமாகக் கூறுகிறார். இவ்விளக்குக்கு 800 தாலந்து செலவாயிற்று என்று சொல்லும் அவர், அமைத்தவரின் பெயரையே பொறிக்க இசைந்த மன்னனின் பெருந்தன்மையைப் பாராட்டுகிறார். ஒருவர் வஞ்சகம் என்பதை மற்றவர் வள்ளன்மை என்கிறார். கல் ஒன்று, கதை இரண்டு. காலத்தால் முற்பட்டது எது என்று நோக்குவதே இங்கு நமக்குக் கிட்டும் முதல் அளவுகோல்.

நண்டும் சிலைகளும்

கி.பி. 641ஆம் ஆண்டை ஒட்டி, அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் தலைமையில் எகிப்து முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தது. அப்போதே அம்மனாராவுக்கு வயது தொள்ளாயிரத்துக்கு மேல். அந்தப் பழமை கண்டோர் உள்ளத்தை எவ்வளவு ஈர்த்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டின் பெருநூலாசிரியர் அல்மஸ்ஊதி, தம் காலத்து மக்கள் சொன்னவற்றைத் திரட்டித் தந்துள்ளார். கடலுக்குள் கண்ணாடியால் ஒரு நண்டு செய்து, அதன் முதுகின்மீதே மனாராவை எழுப்பினர் என்பது ஒன்று. மேலே நின்ற சிலைகளுள் ஒன்று சூரியன் செல்லும் திசையெல்லாம் விரலால் சுட்டியது என்பதும், மற்றொன்று பகைவர் கப்பல் நெருங்கும்போது பேரொலி எழுப்பியது என்பதும் வேறு சில. உள்ளே அறைகள் மிகப் பல என்பதால், குதிரைகளோடு நுழைந்த படைவீரர் சிலர் வழி தவறி மாண்டனர் என்பது இன்னொன்று.

இவற்றைப் படித்து நகைத்துவிடுதல் எளிது. ஆயினும் நகைப்பதற்கு முன் சற்றே நிற்போம். அந்நகரத்திலேயே, உரோமர் காலத்தில் நிறுத்தப்பட்ட ஒரு பெருங்கல் தூணை அதன் நான்கு மூலைகளிலும் வெண்கல நண்டுகள் தாங்கி நின்றன. 19ஆம் நூற்றாண்டில் அத்தூண் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, எஞ்சியிருந்த இரு நண்டுகளும் உடன் சென்றன. அந்நகரின் பெரிய அருங்காட்சியகத்தில் அவை இன்றும் உள்ளன. தூணுக்கு அடியில் கிடந்த வெண்கல நண்டு மக்கள் நாவில் மனாராவுக்கு அடியிலிருக்கும் கண்ணாடி நண்டாக மாறியது என்று கருத இடமுண்டு. அவ்வாறே, இஸ்கந்தரிய்யாவில் அச்சிடப்பட்ட உரோமர் காலத்து நாணயங்களில் இம்மனாராவின் உருவம் காணப்படுகிறது. அதன் மேல்தள மூலைகளில் சங்கூதும் கடல் தெய்வ உருவங்கள் தெரிகின்றன. ஒலி எழுப்பிய சிலையின் கதைக்கு வித்து இங்கே இருக்கக்கூடும். பொய்யென்று தள்ளும் கதையினுள்ளும் ஒரு மணி உண்மை ஒளிந்திருத்தல் கூடும். அதனைத் தேடி எடுப்பது வரலாற்று மாணவனின் கடமை.

கண்ணாடியின் கதை

எல்லாக் கதைகளிலும் புகழ் பெற்றது கண்ணாடியின் கதையே. மனாராவின் உச்சியில் மாபெரும் கண்ணாடி ஒன்று இருந்ததாம். அதில் நோக்கினால் கடலுக்கு அப்பால் உள்ள கான்ஸ்டாண்டிநோபிளும் தெரியுமாம். பகைவர் கப்பல்கள் வந்தால், சூரிய ஒளியை அதில் வாங்கி அவற்றின்மீது வீசி எரித்துவிடுவார்களாம்.

அக்கண்ணாடி எங்கே போயிற்று என்பதற்கும் மஸ்ஊதியின் நூல் விடை தருகிறது. உமையா கலீபா வலீதின் காலத்தில் (705-715) ரோம் நாட்டு அரசன் தன் அந்தரங்கப் பணியாள் ஒருவனை அனுப்பினான். அவன் இஸ்லாத்தைத் தழுவியவன்போல் நடித்துக் கலீபாவின் நம்பிக்கையைப் பெற்றான்; சில இடங்களில் புதையல் காட்டிக் கொடுத்தான்; முடிவில், மனாராவுக்கு அடியில் இஸ்கந்தரின் கருவூலம் இருப்பதாக ஆசை காட்டினான். ஆட்கள் சென்று மேற்பாதியை இடித்துக் கண்ணாடியையும் அகற்றினர். இது பகைவன் சூழ்ச்சி என்று நகர மக்கள் கூக்குரலிட்டபோது, வந்தவன் இரவோடிரவாகக் கப்பலேறித் தப்பினான் என்று கதை முடிகிறது.

இக்கதையை அளந்து பார்ப்போம். கலீபா வலீதுக்கும் மஸ்ஊதிக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. கண்ணாடியைப் பற்றிய செய்தியையோ அதற்கு அக்காலத்து முஸ்லிம் அறிஞர் ஒருவரின் ஆய்வே மறுப்பாக அமைகிறது. பஸ்ராவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்து 1040ஐ ஒட்டி மறைந்த இப்னுல் ஹைதம், எரிக்கும் கண்ணாடிகளைப் பற்றித் தனி நூல்கள் எழுதியவர். குழிந்த கண்ணாடி ஒளியைக் குவிக்கும் தொலைவு அதன் வளைவைப் பொறுத்தது என்பதை அவர் கணித முறையில் ஆராய்ந்தார். அப்படியாயின், ஒரு தொலைவில் எரிக்கும் கண்ணாடி வேறு தொலைவில் எரிக்காது. ஓடும் கப்பலோ ஒரே தொலைவில் நிற்காது. அன்றியும், சூரியன் ஒரு புள்ளியன்று. விண்ணில் அரைப் பாகை அகலம் உடையது. அதன் ஒளியை ஒரு கிலோமீட்டர் தொலைவில் குவித்தால் ஏறத்தாழ 9 மீட்டர் அகலமுள்ள வட்டமாக அது விரியும். அங்கே வெயிலின் வெம்மையை இருபது மடங்காக்க விரும்பினால் 40 மீட்டர் அகலக் கண்ணாடி வேண்டும். மனாராவின் அடித்தளமே ஒரு பக்கத்துக்கு 30 மீட்டர் அளவினதுதான்!

இக்கதையின் பின்னுரை ஒன்றைப் பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரூ எழுதியுள்ளார். 1047 முதல் எகிப்தில் தங்கியிருந்த அவர் கேட்டது இது: சுல்தான் ஹாக்கிமிடம் ஒருவன் வந்து, உடைந்த கண்ணாடியைப் பழையபடி சீர்செய்து தருவதாகச் சொன்னானாம். சுல்தானோ, ரோமர்கள் இப்போது ஆண்டுதோறும் பொன்னும் பொருளும் அனுப்புகின்றனர், நமக்கும் அவர்களுக்கும் அமைதி நிலவுகிறது, ஆகவே அது தேவையில்லை என்று மறுத்துவிட்டாராம். கண்ணாடி மெய்யாக இல்லாவிட்டாலும், கதையைக் கட்டியோர் உள்ளத்தில் அமைதியின் மதிப்பு இருந்தது மெய் என்று நாம் மகிழலாம்.

அளந்தவர்கள்

கதை சொன்னோர் பலராயினும், நம் முன்னோருள் கயிறும் எழுதுகோலும் ஏந்தி மனாராவின் மீது ஏறியவர்களும் உண்டு. இன்று அதன் உருவத்தை உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் இவர்களால்தான். கிரேக்கரும் உரோமரும் அதனைப் புகழ்ந்தனர். யூத வரலாற்றாசிரியர் ஜோசீஃபஸ் அதன் ஒளி 300 ஸ்டேடியா, அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவுக்குத் தெரியும் என்றார். ஆனால் உள்ளே புகுந்து அறை எண்ணி எழுதி வைத்தவர் ஸ்பெயின் நாட்டு மாலகா நகரினரான யூசுப் அல்பலவி.

1166ஐ ஒட்டி அங்குச் சென்ற அவர், கீழே சதுரம், நடுவே எண்கோணம், மேலே வட்டம் என மூன்று நிலைகளையும் தனித்தனியே அளந்தார். கீழ்நிலை 31 ஆள் உயரம். நடுநிலை 15 ஆள் உயரம். மேல்நிலை 4 ஆள் உயரம். உச்சியில் ஒரு பள்ளிவாசல். படியாக அன்றிச் சாய்தளமாக ஏறிய உள்வழி, இரு குதிரை வீரர்கள் ஒருவரையொருவர் கடந்து செல்லும் அகலமுடையது. அறைகளை எண்ணினார், 67 இருந்தன. முதல் அறை மட்டும் மூடிக் கிடந்தது. அது கடலுக்குள் இட்டுச் செல்லும் என்று சொன்னார்கள் எனக் குறித்தார். எண்ணியதை எண்ணியதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் அவர் பிரித்து எழுதியிருப்பதை இங்கு நோக்குக.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1183இல், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் அங்கு வந்தார். ஒரு வியாழக்கிழமை உச்சிக்கு ஏறி அப்பள்ளியில் தொழுதார். ஒரு பக்கத்தைத் தாமே அளந்து, ஐம்பது பாகத்துக்கு மேற்பட்டது என்று கண்டார். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். உயரமோ, நூற்றைம்பது ஆள் உயரத்துக்கு மேல் 'என்று சொல்லப்படுகிறது' என்றார். பலவி அளந்த உயரத்தினும் இது மும்மடங்கு. ஆயினும் இப்னு ஜுபைரை நாம் குறை கூற இயலாது. 'அளந்தேன்' என்பதையும் 'சொல்லப்படுகிறது' என்பதையும் அவர் கலக்கவில்லை. ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சங்கிலி சங்கிலியாக ஆராய்ந்து ஹதீஸ்களைத் தொகுத்த சமுதாயத்தில் வளர்ந்தவர் அவர். அந்தப் பயிற்சியின் நிழல் பயணக் குறிப்பிலும் விழுந்திருக்கிறது.

அளந்ததோடு நம்மவர் நின்றுவிடவில்லை, காத்தும் வந்தனர். நிலநடுக்கங்களால் மேல்நிலை சிதைந்தபோதெல்லாம் எகிப்தின் ஆட்சியாளர் பழுது பார்த்தனர். 9ஆம் நூற்றாண்டில் அஹ்மது இப்னு தூலூன் உச்சியில் மரத்தாலான குவிமாடம் அமைத்தார் என்பர். 13ஆம் நூற்றாண்டில் சுல்தான் பைபர்ஸ் செப்பனிட்டார். 1303 ஆகஸ்டு 8ஆம் நாள் கிழக்கு மத்திய தரைக்கடல் முழுவதையும் உலுக்கிய நிலநடுக்கமோ அதனை நிலைகுலையச் செய்துவிட்டது.

அந்த இறுதிக் காலத்துக்குச் சான்றாக நிற்பவர், பிற்காலத்தில் நம் மதுரை சுல்தானின் அவைக்கும் வந்துசென்ற இப்னு பதூதா. 1326இல் அவர் கண்டபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. வாசல் தரைமட்டத்துக்கு மிக மேலே இருந்தது. எதிரே அதே உயரத்தில் ஒரு கட்டடம். இரண்டுக்கும் இடையே பலகை இட்டு உள்ளே செல்வர். பலகையை எடுத்துவிட்டால் வழி இல்லை. ஒரு பக்கம் 140 சாண் என்று அவர் அளந்தார். 1349இல் திரும்பி வந்தபோதோ, உள்ளே நுழையவும் வாசலை அணுகவும் இயலாத அளவுக்கு அது பாழ்பட்டுக் கிடந்தது. அதன் அருகே அதுபோன்றதொரு மனாராவை எழுப்பத் தொடங்கிய சுல்தான் நாசிர், பணி முடியுமுன்னே மறைந்துவிட்டார். பின்னர் 1477இல் சுல்தான் காயித்பாய் அவ்விடத்தில் கோட்டை கட்டினார். அக்கோட்டை இன்றும் நிற்கிறது.

ஒரே அளவுகோல்

இவ்வளவும் கூறியபின் மற்றொரு கதையை நினைவூட்டுதல் நம் கடமை. அதே இஸ்கந்தரிய்யாவின் புகழ்பெற்ற நூலகத்தை, கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி அம்ரு (ரலி) அவர்கள் எரித்தார்கள் என்றும், அந்நூல்கள் ஆறு மாதம் நகரத்துக் குளியலறைகளுக்கு விறகாயின என்றும் ஒரு குற்றச்சாட்டு நெடுங்காலம் உலவியது. அதைக் கேட்டு வருந்தாத முஸ்லிம் இல்லை. அதனை மறுப்போர் காட்டும் காரணங்கள் வலுவானவை. எகிப்து வெற்றிக்குப் பின் ஐந்தரை நூற்றாண்டுகள் வரை எந்த நூலிலும் இச்செய்தி இல்லை. 1200ஐ ஒட்டியே அது முதன்முதலில் தலைகாட்டுகிறது. அக்கதையில் அம்ரு (ரலி) அவர்களோடு உரையாடும் இலக்கண அறிஞர் யோவான், அவர்கள் எகிப்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே மறைந்துவிட்டவர். முஸ்லிமல்லாத ஆய்வாளர்களும் இக்கதையைத் தள்ளியுள்ளனர்.

நன்று. ஆனால் நம்மை இழிவுபடுத்தும் கதையிடம் 'சான்று எங்கே, சொன்னவர் யார், எத்தனை ஆண்டுக்குப் பின் சொன்னார்' என்று கேட்கும் நாம், நம்மைப் புகழும் கதையிடமும் அதே வினாக்களைக் கேட்கிறோமா? 'பள்ளிவாசல் மனாரா எல்லாம் இந்த விளக்கிலிருந்தே பிறந்தவை' என்று ஐரோப்பிய அறிஞர் சிலர் ஒரு காலத்தில் எழுதினர். அதனைப் பெருமையோடு எடுத்துச் சொல்வோர் நம்மிடையே இன்றும் உண்டு. இஸ்லாமியக் கட்டடக் கலையை ஆய்ந்த கிரெஸ்வெல் 1926இலேயே அதனை மறுத்து, தொடக்ககால மனாராக்களுக்கு முன்மாதிரி சிரியா நாட்டின் சதுரக் கோபுரங்களே என்று காட்டினார். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளின் பிறப்பும் ஒன்றாகிவிடாது. கப்பலை எரிக்கும் கண்ணாடி நம் ஆட்சியில் இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லி மகிழ்வோமாயின், நூலகத்தை எரித்தார்கள் என்று பிறர் சொல்லும்போது சான்று கேட்கும் உரிமையை நாமே இழந்துவிடுகிறோம்.

நம் பிள்ளைகளுக்கு வியப்பூட்டும் செய்தி வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும். ஆனால் இல்லாத கண்ணாடியைவிட, இருந்த 67 அறைகளை ஒருவர் ஏறி எண்ணினார் என்பது குறைந்த வியப்பா? எரிக்கும் கண்ணாடியின் கதை உலவிய நாட்டிலேயே அமர்ந்து, அத்தகைய கண்ணாடி எந்தத் தொலைவில் எரிக்கும் என்று இப்னுல் ஹைதம் கணக்கிட்டது குறைந்த பெருமையா? கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். கதை என்றே சொல்வோம். பின்னர் அளந்தவர்களின் பெயரையும் சொல்வோம்.

மனாராவின் கற்களோ கடலடியில் காத்திருந்தன. 1960களின் தொடக்கத்தில் எகிப்திய முக்குளிப்பவர் ஒருவர் அவற்றின்பால் உலகின் கவனத்தை ஈர்த்தார். 1994 முதல் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான கற்களைக் கடலுக்குள்ளேயே பதிவு செய்தனர். 2025இல் 22 பெருங்கற்கள் நீரினின்று தூக்கப்பட்டன. வாசலின் நிலைக்கற்களும் படிக்கல்லும் அவற்றுள் இருந்தன. சில 70, 80 டன் எடையுள்ளவை. அவற்றின் ஒவ்வொரு முகத்தையும் படமெடுத்து, சிதறிய மனாராவைக் கணிப்பொறியில் மீண்டும் பொருத்திப் பார்க்கும் பணி நடைபெறுகிறது.

1349இல் இப்னு பதூதாவால் அணுக முடியாமற்போனது ஒரு வாசலே. அறுநூற்று எழுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வாசற்கற்கள் வெளியே வந்து அளக்கப்படுகின்றன. அவற்றை அளப்போரின் மேசைமீது பலவியின் எண்களும் இப்னு பதூதாவின் சாண் கணக்கும் இடம்பெறுகின்றன. கண்ணாடியின் கதையை அவ்வேலைக்கு யாரும் தேடுவதில்லை. கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தவரின் சொல், கட்டிய கல்லைக் காட்டிலும் நீண்ட நாள் பயன்படுகிறது. மனாரா என்னும் பெயருக்கு ஏற்ற ஒளி அதுவே.